யார் வீட்டுச் சொம்பு

எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் அக்காவுக்கு யாரும் விருப்பப்பட்டுப் பலகாரம் கொடுத்தனுப்ப மாட்டார்கள். கொடுத்தால் அரை மணி நேரத்தில் பாத்திரம் திரும்பி வந்துவிடும். கழுவி, துடைத்து, வெறுமையாக. தமிழ் வீடோ மராத்தி வீடோ, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற பழக்கம் எங்கேயும் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். அவர் போட மாட்டார். கேட்டால் காரணத்தைக் கையிலேயே வைத்திருப்பார்.

"பாத்திரம் உன்னுது, அது உன் வீட்டுக்கு வந்துது. சக்கர என்னுது. அது எதுக்கு உன் வீட்டுக்கு வரணும்?"

இதோடு விட்டாலும் தேவலை. பாத்திரத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றித் திருப்பி, அதில் வெட்டியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் கையில் கொடுப்பார். நான் முதன்முதலில் சுண்டல் கொடுத்தனுப்பிய கிண்ணத்தில் என் சித்தியின் பெயர் இருந்தது. அது என் கைக்கு எப்படி வந்தது என்று வாசலில் நின்றே விசாரணை. கல்யாணச் சீரோடு கலந்து வந்திருக்கும் அக்கா என்றேன். "கலந்து வந்துதா" என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த தீபாவளிக்கு நான் திருநெல்வேலிக்குப் போனபோது பையில் அந்தக் கிண்ணமும் வந்தது. தனக்கு அப்படி ஒரு கிண்ணம் இருந்ததே சித்திக்கு நினைவில்லை. பூனாவிலிருந்து இதை ஏன் சுமந்து வந்தாய், அங்கே பாகர்வடி மாதிரிப் பலகாரம் எதுவும் கிடைக்கவில்லையா என்றுதான் கேட்டாள்.

புனே ஓரத்துச் சிஞ்ச்வட்டில் எங்கள் கட்டடம் முழுவதற்கும் அவர் அக்காதான். மராத்தியிலும் அக்கா அக்காதான் என்பதால் யாருக்கும் சிரமமில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் புனேயின் கட்கிப் பகுதி. அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அவர் போனபின் வேலை மகளுக்கு வந்தது. ஸ்டோர்ஸில் கருவி கொடுக்கும் ஜன்னல். ஸ்பானர் வேண்டுமென்றால் தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுக்க வேண்டும். ஸ்பானர் இருந்த ஆணியில் டோக்கன் தொங்கும். சாயங்காலம் ஸ்பானர் வந்தால்தான் டோக்கன் திரும்பும், டோக்கன் இருந்தால்தான் ஆள் வீட்டுக்குப் போகலாம். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் டோக்கன் இல்லாமல் அளவுகோல் கேட்டாராம். அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அளவுகோலைக் கொடுத்தேன் என்று சொல்வார். எனக்கு அது நூற்றுக்கு நூறு நம்பும்படி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஜன்னல் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். சிஞ்ச்வட் முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

கட்கியில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். பந்தியில் சாம்பார் வாளி எங்கள் இலைக்கு வந்ததும் அக்கா அதன் காதைப் பிடித்து நிறுத்தினார். வாளியில் வேறொரு மண்டபத்தின் பெயர். பரிமாறுகிறவர் ஹிந்தியில் கெஞ்சினார், சமையல்காரர் மராத்தியில் சத்தியம் செய்தார், பெண்ணின் அப்பா தமிழில் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வரிசைக்கு அன்றைக்கு ரசத்திலிருந்துதான் சாப்பாடு.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? இரண்டாம் மாடிப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. தனிக்குடித்தனம் வரும்போது மாமியார் வீட்டுக் குக்கரைச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தாள் அவள். மருமகள் எடுத்தது, மகன் சாப்பிடுவது, அதில் என்ன களவு? அக்கா ஒரு நாள் அந்தக் குக்கரை இரவல் வாங்கினார். மூடியில் பெயரைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார், ஆனால் பெயர்க்காரிக்கு. நிக்டிக்கு பஸ் பிடித்துப் போய் மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் குடும்பத்தில் பிறகு நடந்தவை என் சமையலறை ஜன்னல் வழியாகவே கேட்டன. பல மாதம் மாடிப்படியில் அக்காவைக் கண்டால் அந்தப் பெண் திரும்பிக்கொள்வாள். அக்காவுக்கு அது புரியவே இல்லை. "பொருள் பரோபர் எடத்துக்குப் போச்சு, இவளுக்கு இன்னா கஷ்டம்?" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டார். பரோபர் என்றால் மராத்தியில் சரி. இந்த அம்மாளிடம் மனிதர்களைக் கொடுத்தால் டோக்கன் கேட்பார் என்று என் கணவர் சொன்னார்.

நான் அப்போது ஹடப்சரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பஸ்ஸிலேயே ஆயுள் கழிந்துவிடும் என்று வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்ய விட்டார்கள். வெளிநாட்டு ஏலக் கம்பெனிகளின் விற்பனைப் பட்டியலைப் படத்தோடு சேர்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கைக்கடிகாரம் வந்தது, இன்னொருத்திக்கு வைரம். எனக்கு விழுந்தது பழைய கிரேக்க மண்பாண்டம்.

கறுப்பில் சிவப்பு அல்லது சிவப்பில் கறுப்பு. ஒயின் ஊற்றும் ஜாடி, ஒயினில் தண்ணீர் கலக்கும் அண்டா, ஒயின் குடிக்கும் கிண்ணம். குடித்துவிட்டு மிச்ச நேரத்தில்தான் தத்துவம் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கியவர்கள் இத்தாலிப் பக்கத்துக்காரர்கள். செத்தவர்களோடு கல்லறையில் வைத்துப் புதைத்தார்கள். அதனால்தான் முழுசாகத் தப்பின. பிறகு ஐரோப்பாவின் பிரபுக்களுக்கு ஜாடிப் பைத்தியம் பிடித்தது. தூதர் வேலைக்கு வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஜாடி சேர்த்தார்கள், விற்றார்கள், மறுபடி சேர்த்தார்கள். ஒருவர் சேர்த்ததில் ஒரு பங்கு கப்பலோடு கடலில் போனது. இத்தாலி மண்ணில் கிடைத்ததால் இத்தாலிக்காரன் செய்தது என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படத்தில் துணியில்லாமல் யாராவது இருந்தால் மானத்தை மறைத்துப் பெயின்ட் அடித்து வைத்த புண்ணியவான்களும் உண்டு. அப்புறம் வந்தவர்கள் இரும்புக் கம்பியால் வயலைக் குத்திப் பார்த்து ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டியவர்கள். ஒரே ஜாடியைத் துண்டு துண்டாக விற்பார்களாம். ஒரு துண்டு வாங்கியவன் மிச்சத்துக்கும் வந்துதானே ஆக வேண்டும்?

பட்டியலில் ஒவ்வொரு ஜாடிக்கும் கீழே, அது யார் யார் கை மாறி வந்தது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரே வரிதான். சுவிட்சர்லாந்துக் கனவான் ஒருவரின் சேகரிப்பு.

இந்தக் கட்டத்தை அக்கா பார்த்துவிட்டார். ஏதோ டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, அது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நானும் படித்துச் சொல்லித் தொலைத்தேன்.

"அந்தக் கனவானுக்குப் பேர் இல்லியா?"

பெயரைச் சொல்ல மாட்டார்கள் அக்கா, மரியாதை என்றேன்.

"பேர் சொல்லாதவன் கிட்டேர்ந்து பொருள் வாங்கறது இன்னா மரியாத? எங்க கட்கில அதுக்கு வேற பேரு."

அன்றிலிருந்து என் வீட்டு வேலை நாட்கள் இரண்டும் நாசம். பதினோரு மணிக்கு டீயோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். திரையில் ஜாடி வரும். அக்கா கேட்பார், நான் சொல்வேன், அக்கா துப்பாத குறையாக மூஞ்சியைச் சுளிப்பார். சில ஜாடிகளில் இன்னார் செய்தார் என்று குயவன் பெயர் எழுதியிருக்கும். செய்தவன் பெயர் எதற்கு, வைத்திருந்தவன் பெயர் எங்கே என்பார். பெயர் தெரியாத ஓவியன் என்றால், அவன் ஜாடி இப்போது எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயரையே அவனுக்கு வைப்பது அறிஞர்கள் வழக்கம். இதைச் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டார். "தூக்கினு போன ஊரு பேரயா அவனுக்கு வெப்பாங்க?" என் மேனேஜர் அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஒரு நாள் வேறொரு கதை சொன்னேன். ஒரு பெரிய ஊர் அருங்காட்சியகம், தலை சுற்றும் விலைக்கு வாங்கிய ஒயின் அண்டா ஒன்றை, முப்பது சொச்சம் வருஷம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்த்துவிட்டு, அது திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது என்று ஆனபின் இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அக்கா நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்தார்.

"குட்த்துட்டாங்களா? நெசமாவா?"

நிஜம்தான் என்றேன். அக்கா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, லேப்டாப்பை மூடு, என் வீட்டுக்கு வா என்றார்.

சமையலறைப் பரணிலிருந்து பழைய அரிசி டின் ஒன்றை இறக்கச் சொன்னார். உள்ளே பழைய புடவைத் துணி. துணிக்குள் ஒரு சொம்பு. கைப்பிடி வைத்து, வாய் மூன்று இதழாக மடிந்த சின்ன மண் சொம்பு. தினமும் நூறு படம் பார்க்கிறவள் நான். கையில் வாங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒயின் ஊற்றும் கிரேக்கச் சொம்பு. சிவந்த மண்ணில் கறுப்பாக ஓர் ஆள். குதிரைக் காது, குதிரை வால், பெரிய தாடி, உடம்பில் ஒரு நூல் துணி இல்லை. ஒயின் கடவுளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஒருவன். நல்ல உற்சாகத்தில் இருக்கிறான் என்பது படத்தில் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் எது தெரியக்கூடாதோ, சரியாக அந்த இடத்தின் குறுக்கே, பாத்திரக் கடையில் வெட்டும் புள்ளி எழுத்தில், தமிழில், எழுதியிருந்தது.

மேம்சாப்.

கீழே தேதி. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் இருப்பது போலவே.

"அம்மாதான் எழுத வெச்சாங்க" என்றார் அக்கா. "அங்க எழுதுனா ரெண்டும் ஆச்சேன்னு."

அக்காவின் அம்மா கேம்ப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். நாடு விடுதலையாகி மற்ற வெள்ளைக்காரர்களெல்லாம் ஊருக்குப் போனபிறகும் கொஞ்ச காலம் இங்கேயே இருந்த குடும்பம் அது. தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று பையைக் கவிழ்த்து, முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். துரைசாணி, அதாவது மேம்சாப், படியில் நின்று பார்ப்பாள். சின்னப் பெண்ணாகக் கூடப் போனபோது அக்காவின் பாவாடைப் பையையும் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள். பிறகு அவர்களும் கப்பலேறினார்கள். பெட்டியெல்லாம் கட்டி முடித்தபின் இந்தச் சொம்பு மிஞ்சியிருக்கிறது. சொல்லி அனுப்புகிறேன், அதுவரை வைத்திரு என்று ஆயா கையில் கொடுத்துவிட்டுப் போனாள் மேம்சாப். வேண்டாத சாமானை யார் தலையிலாவது கட்ட அதுவும் ஒரு வழி என்று எனக்குத் தோன்றியது.

ஆயாவுக்கு அப்படித் தோன்றவே இல்லை. நேரே கட்கிப் பாத்திரக் கடைக்குப் போனார். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் சந்தேகம் வரக்கூடாது, உடைமைக்காரர் பெயர் வெட்டிக் கொடு என்றார். மேம்சாப்பின் நிஜப் பெயர் அவருக்குத் தெரியாது. மேம்சாப் என்பதே பெயர் என்றுதான் நினைத்திருந்தார். கடைக்காரர் மண் பாத்திரத்தில் சுத்தியல் பட்டால் போச்சு என்று பயந்து, ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் கீறியிருக்கிறார். கிரேக்கனும் அந்தத் தாடியை ஊசியால் கீறித்தான் வரைந்திருந்தான். இரண்டு பேர் வேலையும் சுத்தம்.

மேம்சாப் சொல்லி அனுப்பவில்லை. ஆயா காத்திருந்து இறந்தார். சாகும்போது மகளிடம் சொன்னது இந்தச் சொம்பைப் பற்றித்தான். அக்காவும் காத்திருந்தார். இப்போது பெங்களூரிலிருக்கும் மகன், முழங்கால் வலியோடு தனியாக இருக்க வேண்டாம், கோடைக்குள் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்கிறான். சொம்பைத் தன் புது வீட்டு ஷோகேஸில் விளக்குப் போட்டு வைக்கிறானாம். மேம்சாப் எப்போதோ செத்திருப்பாள், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்கிறானாம்.

"யாரும் கேக்கலன்னா நம்முதாயிடுமா?" என்று அக்கா என்னைக் கேட்டார். "நான் போறதுக்குள்ள அவங்க வீட்டாளுங்க யாருனா கெடச்சா குட்த்துட்டுப் போவேன். உன் கம்பெனில வெள்ளக்காரங்கதான இருக்காங்க. கண்டுபுடி."

பெயரும் தெரியாத, ஊரும் தெரியாத ஒரு மேம்சாப்பை எங்கே போய்த் தேடுவது? அதைவிட, எனக்கு உள்ளே வேறு கணக்கு ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்கு முன்பே ஒரு பொருள் இன்ன இடத்தில் இருந்தது என்று காட்ட முடிந்தால் ஏலக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே வந்ததென்றால் திருட்டோ என்று எல்லோருக்கும் பயம். இதிலோ தேதியோடு, கட்கிப் பாத்திரக் கடைக்காரர் கைப்பட, அழிக்க முடியாத அத்தாட்சி. மானத்தை மறைக்க எழுதியது அந்தச் சொம்பின் மானத்தையே காப்பாற்றியிருந்தது. என் மேனேஜர் பார்த்தால் ஆடியிருப்பார், அந்தக் குதிரைக் காதுக்காரனோடு சேர்ந்தே.

ஆனால் அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. துரைக்கு இது எங்கே கிடைத்தது, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று மட்டும் கேட்டேன்.

சொன்னார்களாம். உலகப் போரில் இத்தாலியில் சண்டை நடந்தபோது பதுங்குகுழி தோண்டினார்கள், மண் சரிந்து உள்ளே ஓர் அறை தெரிந்தது, எலும்போடு இதுவும் இருந்தது, எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன் என்று துரை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம். குடித்தால் அந்தக் கதை கட்டாயம் வருமாம்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். அது கல்லறை. செத்தவரோடு வைத்துப் புதைத்தது. இத்தாலியில் மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருள் அந்த நாட்டுக்குச் சொந்தம், அந்தச் சண்டைக்கு முன்பே அப்படித்தான் சட்டம்.

அக்கா சொம்பைத் துணியில் சுற்றினார். மறுபடி பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"அப்ப அது மேம்சாப்போடதே இல்ல."

இல்லை அக்கா என்றேன்.

"எங்கம்மா பையத் தெனம் கவுத்துப் பாத்தாங்களே."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் படியில் நின்ற பெண்பிள்ளை கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வீட்டுக்குள் கல்லறைப் பொருளை ஷோகேஸில் வைத்துக்கொண்டு, வாசலில் ஆயாவின் முந்தானையை உதறச் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு டப்பாவில் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினேன். டப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கும் மறுநாள் என் கணவரே பயந்துவிட்டார், போய்ப் பார், உடம்புக்கு ஏதாவதா என்றார். போய்க் கதவைத் தட்டினேன். அக்கா தலைகூட வாராமல் கதவைத் திறந்தார். பின்னால் மேசையில் என் டப்பா, கழுவாமல் கிடந்தது.

"அந்த இத்தாலிக்காரங்களுக்கு எழுது" என்றார்.

மகனோடு பெரிய சண்டை. அம்மாவுக்குப் பைத்தியம் என்று எனக்கு போன் செய்தான். ஒரு பொருளின் அருமை தெரியாமல் கொடுக்கிறார்கள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றான். அருமை தெரிந்துதான் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். இத்தாலிக்காரர்களுக்கு எழுதினேன், படம் அனுப்பினேன். அவர்கள் நம்பவில்லை, பிறகு நம்பினார்கள். அப்புறம் இந்தியப் பழம்பொருள் சட்டமும் இத்தாலியப் பழம்பொருள் சட்டமும் சம்பந்திகளைப் போல ஒன்றையொன்று மாறி மாறி விசாரித்துக்கொண்டன. கோடை வந்தது, போனது. பாதி வீட்டு சாமான் பெங்களூருக்குப் போய்விட்டது. வீடு வாங்கியவர்கள் சாவி எப்போது என்று கேட்டார்கள். சொம்பு போனால்தான் நான் போவேன் என்று அக்கா ஒரு பாயோடும் ஒரு ஸ்டவ்வோடும் காலி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் மும்பையில் அவர்களுடைய தூதரக அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். காலை ரயிலில் போனோம். அக்கா சொம்பை எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து மடியில் வைத்திருந்தார். தூக்கில் அவர் பெயர் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் உள்ளே என்ன, இட்லியா என்றார். அக்கா மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார். லோனாவாலாவில் நான் வடாபாவ் வாங்கப் போனபோதுகூட மடியை விட்டு இறக்கவில்லை.

அங்கே கையுறை போட்ட ஓர் இத்தாலிய இளைஞர் சொம்பை வாங்கி மேசையில் மெத்தைத் துணிமேல் வைத்தார். எழுத்தைப் பார்த்து நின்றார். நான் அர்த்தம் சொன்னேன், அந்த இடத்தில் எழுதியதன் காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் சிலைகளுக்கு அந்த இடத்தில் இலை ஒட்டினார்கள், நீங்கள் பெயர் எழுதியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். எழுத்தை அழிக்க மாட்டோம், அதுவும் சொம்பின் கதைதான் என்றார். அக்காவிடம் சொன்னேன். பரோபர் என்றார்.

ரசீது கொடுக்க வந்தார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். டோக்கனோ ரசீதோ, பொருளை எடுக்கிறவன்தான் கொடுக்க வேண்டும், இவர்கள் எடுக்கவில்லை, இவர்களுடையது இவர்களுக்கு வருகிறது என்பது ஸ்டோர்ஸ் நியாயம். நான் முடிந்தவரை மொழிபெயர்த்தேன். பிறகு அந்த இளைஞர், அருங்காட்சியகத்தில் கீழே ஒரு சின்ன அட்டை வைப்போம், திருப்பிக் கொடுத்தவர் பெயரை அதில் போட வேண்டும், எப்படி எழுதட்டும் என்று கேட்டார்.

"என் பேரு எதுக்கு? பொருள் யாரோடதோ அவங்க பேருதான் எழுதணும். என் பேரப் போட்டா என்னுதுன்னு ஆயிடும்."

நான் எவ்வளவோ சொன்னேன். உங்கள் அம்மா பெயராவது போடலாமே என்றேன். அதற்கும் தலையசைக்கவில்லை. அம்மா பெயரைப் போட்டால் அம்மா எடுத்ததாகிவிடும், தினம் பை கவிழ்த்துக் காட்டியதெல்லாம் அப்புறம் எதற்கு என்று முறைத்தார். கடைசியில் அந்தக் கட்டத்தை என்னிடமே விட்டார்கள். அத்தனை வருஷம் சுவிட்சர்லாந்துக் கனவானைத் திட்டிக்கொண்டே தட்டச்சு செய்த அதே கையால் எழுதினேன். புனேயைச் சேர்ந்த ஒரு பெண்மணி.

திரும்பும் ரயிலில் அக்கா காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அந்த வாரமே பெங்களூர் போனார். போகும்போது என் வீட்டுப் பாத்திரம் ஏதாவது தன்னிடம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் இல்லை.

சில மாதம் கழித்து இத்தாலியிலிருந்து ஒரு மின்னஞ்சல். எழுதியது பழம்பொருளைச் சுத்தம் செய்யும் பெண். ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தாள். சொம்பின் உள்ளே, அடியில், வெள்ளையாகப் பொடி இருந்தது. சோதித்துப் பார்த்தோம், சர்க்கரை. பழைய கிரேக்கர்களுக்குச் சர்க்கரை தெரியாது என்பதால் கொஞ்சம் குழம்பிவிட்டோம். சில செத்த எறும்புகளும் இருந்தன. இது இந்தியாவில் பழம்பொருளைப் பாதுகாக்கும் முறையா? தயவுசெய்து தெரிவிக்கவும்.

நான் அந்த மின்னஞ்சலை மூன்று தடவை படித்தேன். சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. பெங்களூருக்கு போன் போட்டேன்.

"ஆமா, போட்டேன்" என்றார் அக்கா, ஏதோ நான் பஸ் நம்பர் கேட்ட மாதிரி. "அத்தினி வருசம் வெச்சிகினு இருந்த பாத்திரத்த வெறுசாவா அனுப்புவாங்க?"

எங்கள் பாத்திரமெல்லாம் வெறுமையாகத்தானே வந்தது அக்கா என்றேன்.

"அந்தக் கொழுக்கட்ட டப்பா ஒண்ணு தவுர உங்க பாத்திரத்த நான் அரமணி மேல வெச்சிருந்தனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் பெங்களூரில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா எழுதப் போற?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் என்று எழுதுகிறேன் என்றேன்.

"எழுது. என் பேரப் போடாத."

எழுதினேன். அதிலும் போடவில்லை, இந்தக் கதையிலும் போடவில்லை.